பதினாலு சிலிண்டர்

பொன்னுரங்கத்துக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். மீதிப் பாதியை இருபத்திரண்டு வயதில் ஒரு மீன்பிடி லாஞ்சின் ஃபேன் பெல்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்த மொட்டை விரலை நீட்டித்தான் காசிமேட்டுத் துறைமுகத்தில் முப்பது வருடமாகத் தீர்ப்புச் சொல்லிவருகிறார். இந்த இஞ்சின் தேறும், அது தேறாது, இதை எடைக்குப் போடு. சொந்த மாமனார் பேச்சைக் கேட்காத லாஞ்சு ஓனர்கள்கூட அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சும்மா நிற்கவில்லை. லாரி உடைக்கிற இடத்தில் துருவேறிக் கிடக்கும் இஞ்சினைப் பொறுக்கி எடுத்து, கடல் தண்ணீரில் குளிரும்படி மாற்றி, லாஞ்சின் வயிற்றில் உட்காரவைத்து, பத்து வருடம் இழுக்கவைக்கிற கை அது. வேலை தெரிந்த ஆள்தான். மனுஷன் நல்லவரா என்பது வேறு கதை.

டீசல் இரைச்சலில் அவர் காது பாதி போய்விட்டது. அதனால் முழ நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருப்பார். முனையை இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக் கேட்பார். உள்ளே ஒரு பேரிங் தேய்ந்திருந்தால்கூடத் தெரிந்துவிடும். கேட்டு முடித்துக் கண்ணைத் திறந்து, "சத்தம் இல்லன்னா நல்லாக் கீதுன்னு அர்த்தம்" என்பார். இந்தச் சட்டத்தை இஞ்சினோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மனைவி மங்கை கல்யாணமான புதிதில் நாலு வார்த்தை பேசிப் பார்த்தாள், பலன் இல்லை, விட்டுவிட்டாள். வீட்டில் சத்தம் இல்லை, ஆகவே வீடு நன்றாக ஓடுகிறது என்று பொன்னுரங்கம் நிம்மதியாக இருந்தார்.

இன்னொரு சட்டமும் உண்டு. பெரிசாக, பழசாக, மெதுவாகச் சுற்றுவதுதான் இஞ்சின். புதுசாக, சின்னதாக, பறந்து பறந்து சுற்றுவதெல்லாம் ஸ்கூட்டருக்கு. வலை முழுக்கக் கனத்தை வைத்துக்கொண்டு எதிர்நீரோட்டத்தில் இழுக்கும்போது இது நூற்றுக்கு நூறு உண்மை. கடலில் உண்மையாக இருப்பது கரையில் எல்லாவற்றுக்கும் உண்மை என்று நினைத்ததுதான் வினை.

அவருக்கு ஒரே மகள் பவானி. பி.காம். படித்தவள். மீஞ்சூரில் கன்டெய்னர் வண்டி ஓட்டும் டில்லிபாபுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்ததும் இதே மொட்டை விரல்தான். ஆள் அதிகம் பேசமாட்டான், அடங்கின சுபாவம் என்று சொல்லி முடித்துவைத்தார். அந்த அடங்கின சுபாவக்காரன், போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள், போன் லாக்கைத் திறக்கும் நம்பரைச் சொல்லவில்லை என்பதற்காகப் பவானியின் இடது மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். போனையும் உடைத்தான். கையில் கட்டோடு எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்து நின்றாள். வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார்.

அவள் போகவில்லை. குளிர்காலம் போய், மாசி போய், பங்குனியும் வந்தது. டில்லிபாபு இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்தான். குப்பத்துப் பெரியவர்களும் கூடினார்கள். அங்கே பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய மனிதராக ஒரு வாக்குக் கொடுத்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் பவானி சொந்தச் சம்பாத்தியத்தில் நின்று காட்டினால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஜூன் பதினாலாம் தேதி சாயங்காலம் டில்லிபாபு வந்து அழைத்துப் போகலாம், தானே பையை எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். நியாயமான ஆள் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். இடது மணிக்கட்டு முழுசாக மடங்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பவானி அதையும் ஒரு வழியாகத்தான் பார்த்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த தையல் மையத்தின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பழகினாள். இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஏற்றும் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு ஆள் எடுத்தது. மூன்று பரீட்சை எழுதித் தேறினாள். ஒரே ஒரு நிபந்தனைதான் மிச்சம். சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். கம்பெனியின் சோதனை மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். ஜூன் பத்தாம் தேதி மாலை ஆறு மணிக்குள் அது நடந்தால் வேலை, நடக்காவிட்டால் அடுத்த ஆள். கம்ப்யூட்டர் வாங்கித் தருவதில் பொன்னுரங்கம் கஞ்சத்தனம் பண்ணவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதை வாங்குவது என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இஞ்சின் வாங்குகிற வீட்டில் வேறு யார் பார்ப்பது?

ராயபுரத்தில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள் ஆஃபியா. முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி. கம்பெனி அனுப்பிய தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். உள்ளே இருப்பது டெஸ்க்டாப் பிராசஸர், இரண்டு வருடத்துக்குள் வந்தது, கம்பெனி கொடுத்த பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது, இதை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும் என்றாள். ஆறு கோர் என்றாள். கோர் என்றால் என்ன என்று பொன்னுரங்கம் கேட்டார். அவருக்குப் புரியட்டுமே என்று ஆஃபியா, "உங்க இஞ்சின்ல சிலிண்டர் இருக்குதில்ல, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்கண்ணே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிறகு வெகுநாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொன்னுரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனை சுற்று என்று அடுத்த கேள்வி. நொடிக்கு நானூறு கோடிக்கு மேல் என்று அவள் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நடுக்கடையில், வாடிக்கையாளர்கள் நாலு பேர் பார்க்க, பெட்டியின்மேல் முனையை ஊன்றிக் காதை வைத்தார். கடையில் வேலை செய்யும் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து யாருக்கோ வீடியோ மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பெட்டி, சூடாகத்தான் இருந்தது. சின்ன இஞ்சின், ஓவர் சுற்று, உட்கார்ந்த இடத்திலேயே கொதிக்கிறது, ஆறு மாதம் தாங்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார். பவானி கடையிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதையே எடுக்கலாம் நைனா என்றாள். அவர் கையை உதறிக்கொண்டு படியிறங்கினார்.

அங்கிருந்து நேரே திருவொற்றியூர். லியோனார்டு அவருடைய பழைய தோஸ்து, ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் மின்சாமான்களை வாங்கிப் பிரித்து விற்கிற ஆள். மூடிப்போன ஏதோ ஒரு பெரிய ஆபீஸின் சர்வர்கள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. அதில் ஒரு பிராசஸரைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார் லியோனார்டு. சர்வர் பிராசஸர். பத்து வருடத்துக்கு மேல் பழசு. டெஸ்க்டாப்புக்கு வைப்பதைவிட அகலம், நல்ல கனம். பதினாலு கோர். சுற்று நொடிக்கு இருநூற்று நாற்பது கோடிதான்.

பொன்னுரங்கத்தின் கண் கலங்காத குறை. பெரிசு, பழசு, மெதுவாகச் சுற்றுவது. லாரி உடைக்கிற இடத்தில் முப்பது வருடமாக அவர் தேடித் தேடி எடுத்த சரக்கு அப்படியே சின்ன உருவத்தில் கையில் கிடக்கிறது. ஒரே நேரத்தில் பத்து வேலை செய்கிறவனுக்கு அது நல்ல சாமான்தான், லியோனார்டு பொய் சொல்லவில்லை. பவானிக்கு வேண்டியது பத்து வேலை இல்லை. அந்தப் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

"நைனா, எந்தெந்த பிராசஸர் ஒத்துக்குவோம்னு கம்பெனி பேர் போட்டுக் குடுத்துக் கீது. இது அதுல இல்ல" என்று தாளை நீட்டினாள் பவானி.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "உனுக்கு ஒரு புருசன வெச்சி ஓட்டத் தெரியல. நீ வந்து எனுக்கு இஞ்சினப் பத்திச் சொல்லிக் குடுக்கிறியா?" என்றார்.

லியோனார்டு சங்கடத்தில் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார். மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். பவானி தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் பேசவில்லை. சத்தம் நின்றதும் பொன்னுரங்கம் வழக்கம்போல எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பிராசஸரைப் போட்டுச் சேர்த்த பெட்டி வீட்டுக்கு வந்தது. லியோனார்டு அதன் தலையில் ஒரு பெரிய ஃபேனை வைத்துக் கொடுத்திருந்ததால் தொட்டால் சில்லென்று இருந்தது, சத்தமும் இல்லை. பொன்னுரங்கம் தினமும் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டுப் பூரித்தார். தடைக்காலமாதலால் காசிமேட்டில் எல்லா லாஞ்சின் இஞ்சினும் கரையில் கழற்றிக் கிடந்தது, வருடத்தில் அவர் ராஜாவாக இருக்கிற இரண்டு மாதம் அது. இஞ்சினைப் பற்றிப் பேசவந்தவர்களிடமெல்லாம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினார். ராயபுரத்துக்காரி ஆறு சிலிண்டரைத் தலையில் கட்டப் பார்த்தாள், நான் பதினாலு சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்றார். ஓனர்கள் குப்பம்வரைக்கும் வந்து பார்த்தார்கள். துறைமுகத்தில் அவருக்கே 'பதினாலு சிலிண்டர்' என்று பெயர் விழுந்தது. அதில் அவருக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

பவானி அந்தப் பெட்டியிலேயே பழகினாள். அப்பா சொல்வது சரியாக இருந்துவிடக்கூடாதா என்று அவளும் ஆசைப்பட்டாள். கெட்ட அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த ஆசை கடைசிவரை போகாது.

ஜூன் எட்டாம் தேதி காலைதான் கம்பெனி தன் சோதனை மென்பொருளை அனுப்பியது, உடனே ஓட்டினாள். ஐந்து நிமிடம் ஓடியது. நினைவகம் பச்சை, இணைய வேகம் பச்சை, கேமரா பச்சை. கடைசி வரி சிவப்பு. இந்தப் பிராசஸர் ஏற்கப்படாது. மறுபடி ஓட்டினாள், மறுபடி சிவப்பு. கம்பெனியில் பேசிய அம்மாள் நல்லமாதிரிதான் பேசினாள். அந்த பிராசஸர் பழையது, புதிய பாதுகாப்பு முறைக்கு ஒத்துவராது, வேறு கம்ப்யூட்டர் இருந்தால் பத்தாம் தேதி ஆறு மணிவரை நேரம் இருக்கிறது என்றாள்.

பவானி அம்மாவின் பட்டன் போனில் ஆஃபியாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி அழுதாள். ஆஃபியா, அழாதே, நான் உன் அப்பாவிடம் பேசுகிறேன் என்றாள். பொன்னுரங்கமோ செய்தி கேட்டு வீட்டுக்கு வந்து, ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, உன் கைதான் சரியில்லை என்று சொல்லித் துறைமுகத்துக்குத் திரும்பிப் போனார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் போனுக்கு ஆஃபியாவின் குரல் செய்தி வந்தது. அப்போது அவரைச் சுற்றி ஆறு ஓனர்கள். அதில் ஒருவர், கம்ப்யூட்டருக்கே இஞ்சின் பார்க்கிற ஆள் என்று கேள்விப்பட்டு, தன் இரண்டு லாஞ்சையும் புதிதாக அவரிடம் ஒப்படைக்க வந்திருந்தார். பொன்னுரங்கம் ஒதுங்கி, கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு லாஞ்சின் பின்னால் போய்ப் போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"அண்ணே, அந்த டெஸ்க்டாப் இன்னும் கடையிலதான் இருக்கு. இன்னைக்கே ஆட்டோவுல ஏத்தி அனுப்பிடறேன். காசெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம், எனக்கு அவசரமே இல்ல. பத்து நிமிஷத்துல சோதனை தேறிடும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே."

இரண்டு முறை கேட்டார். சரி என்று ஒரு வார்த்தை. கேட்டது அவ்வளவுதான். ஆட்டோ குப்பத்துக்குள் வந்து பெட்டியை இறக்கும். பார்த்தவன் துறைமுகத்தில் வந்து சொல்வான். பதினாலு சிலிண்டர் படுத்துவிட்டதாம், ராயபுரத்துப் பெண் வந்து ஆறு சிலிண்டர் மாட்டினாளாம். சிரிப்பார்கள். லாஞ்சின் அந்தப் பக்கம் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். மகளின் மணிக்கட்டும் அவருக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. தெரியாமல் செய்தார் என்று யாரும் அவருக்காக வாதாட வேண்டாம். கால் மணி நேரம் அங்கே நின்று, இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, பிறகுதான் போனை வாயருகே கொண்டுபோனார்.

"வோணாம்மா. பொண்ணுக்கு வேலைக்குப் போறதுல இஷ்டம் இல்லியாம். அவ புருசன் வூட்டுக்கே போறேன்னுட்டா" என்று பேசி அனுப்பினார். சாயங்காலம் வீட்டில் பவானி, ஆஃபியாக்கா பேசினாங்களா என்று கேட்டபோது, பேசினாள், அந்தப் பெட்டியை விற்றுவிட்டாளாம், வேறு வருவதற்குப் பத்து நாள் ஆகுமாம் என்றார். ஆஃபியாவும் நம்பினாள், பவானியும் நம்பினாள். பெற்றவன் இதில் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

பத்தாம் தேதி ஆறு மணி வந்தது, போனது. அவர் துறைமுகத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே, மெஷின் சிங்கமாக நிற்கிறது, பெண்ணுக்குத்தான் கை வரவில்லை என்று சொல்லிவைத்துக்கொண்டார். எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள்.

பதினாலாம் தேதி சாயங்காலம் டில்லிபாபு பைக்கில் வந்தான். சலவைச் சட்டை, பெரியவர்களுக்குக் கும்பிடு, மாமனாருக்குத் தனிக் கும்பிடு. வாக்குக் கொடுத்த அன்றைக்கு இருந்த அதே ஆட்கள் இன்றைக்கும் வந்து நின்றார்கள். பவானி உள்ளே பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆஃபியா செய்த உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று, சார்ஜில் கிடந்த அப்பாவின் போனை எடுத்தாள். ஆஃபியாவின் பெயரைத் தொட்டாள். எட்டாம் தேதி. அவளுடைய குரல் ஒன்று. அதன் கீழே அப்பாவின் குரல் ஒன்று.

சமையலறையில் மங்கையும் நின்றிருந்தாள். இரண்டு குரலையும் இருவரும் கேட்டார்கள். மங்கை வாயைத் திறந்தாள். இருபத்தாறு வருடம் மூடியே வைத்திருந்த வாய், திறந்தும் ஒன்றும் வரவில்லை. மகளின் இடது கையைப் பிடித்து, அந்த மணிக்கட்டைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

பவானி பையோடு வெளியே வந்தாள். பொன்னுரங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதராக நடுவில் நின்றிருந்தார். கொடுத்த வாக்குப்படி பையை வாங்கப் போனார். அவள் பையைக் கொடுக்கவில்லை, போனைக் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், ஆனால் அவருடைய பாதிக் காதுக்கும் கேட்கிற மாதிரி கிட்ட வந்து சொன்னாள்.

"ஆஃபியாக்கா பேசுனதக் கேட்டேன் நைனா. நீ பேசுனதையும் கேட்டேன். இவன் அடுத்த கைய ஒடச்சா நான் இங்க வரமாட்டேன். நீயே வந்து உன் ஸ்க்ரூடிரைவர வெச்சிக் கேட்டுப் பாரு. சத்தம் இல்லன்னா நல்லாக் கீதுன்னு அர்த்தம்."

பைக் கிளம்பியது. பெரியவர்களில் ஒருவர் பொன்னுரங்கத்தின் தோளைத் தட்டி, நாணயமான ஆள்யா நீ என்றார். அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பெற்ற பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியலில் லாஞ்சுகள் கடலுக்குப் போயின. அவர் கையால் உட்காரவைத்த பதினோரு இஞ்சினில் ஒன்றுகூடத் திணறவில்லை. கரையில் மாலை போட்டார்கள், பதினாலு சிலிண்டர், பதினாலு சிலிண்டர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெட்டியின்மேல் மங்கை ஒரு பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டாள். ஆஃபியா ஒரு முறை கூப்பிட்டு, பவானி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாள். பொன்னுரங்கம், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பவானிக்கு டில்லிபாபு போன் வாங்கித் தரவில்லை. மங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் நம்பருக்குக் கூப்பிடுகிறாள். அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று அவன் பணிவாகச் சொல்லி வைத்துவிடுவான். ஆடி மாதம் மங்கை மீஞ்சூர்வரைக்கும் போய்ப் பார்த்தாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டாள். முன்பெல்லாம் அழுகைச் சத்தம் கேட்கும், இப்போது அதுகூடக் கேட்பதில்லை என்றார்கள்.

அவள் திரும்பி வந்தபோது பொன்னுரங்கம் வாசலில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், இன்னா சொல்றா என்று கேட்டார்.

"சத்தமே இல்ல" என்றாள் மங்கை.